ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ஏற்றும்போது கன்வர்ட்டர் உட்காரவில்லையா? பிரித்துச் சரிசெய்யும் வழி

கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றி, இன்ஜினை நோக்கித் தள்ளுகிறீர்கள். எல்லாம் நேராக வருகிறது. கடைசியில் ஏறத்தாழ ஒரு விரல் தடிமனுக்கு ஓர் இடைவெளி மட்டும் மூட மறுக்கிறது. டார்க் கன்வர்ட்டர், அதாவது இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வட்டமான பாகம், முழுதாக உட்காராததே பெரும்பாலும் காரணம். நான்கு போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் வந்துவிடும் என்று தோன்றும். வரவும் வரும். வந்த பிறகு இன்ஜினைச் சுழற்றினால், கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துபோகும்.

புதிதாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாட்டுகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதல் இடத்தில் இருக்கிறது. மேனுவல் கியர்பாக்ஸ் மாட்டிப் பழகியவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் (ஷாஃப்டோடு கோத்துக்கொள்ளும் நீளவாட்டுப் பல்வரிசை) சற்றே விலகியிருந்தால் போல்ட்டால் இழுத்துக்கொள்ளும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. அங்கேயே அது நல்ல பழக்கம் இல்லை. இங்கே அதற்கு மன்னிப்பே கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது

டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸின் முன்பக்கம் மூன்று இடங்களில் பொருந்த வேண்டும். நடுவில் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைன். அதைச் சுற்றியிருக்கும் நிலையான குழாயின் மேல், கன்வர்ட்டருக்குள் எண்ணெயைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் சக்கரத்தின் ஸ்ப்ளைன். கடைசியாக, கன்வர்ட்டரின் கழுத்து பம்பின் உள் கியரோடு கோத்துக்கொள்ளும் இடம். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) டர்போ ஹைட்ராமேட்டிக் 350 போன்றவற்றில் கழுத்தில் இரண்டு வெட்டுகள் இருக்கும். பம்ப் கியரின் இரண்டு பற்கள் அவற்றுக்குள் போய் அமரும். முதல் இரண்டும் எளிதில் பொருந்திவிடும். மூன்றாவது பொருந்தாமல் நின்றாலும் கன்வர்ட்டர் உட்கார்ந்துவிட்டது போலவே கண்ணுக்குத் தெரியும். ஏமாற்றம் அங்கேதான்.

அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் கழுத்தின் விளிம்பு பம்ப் கியரின் பற்கள் மீதே முட்டி நிற்கும். எவ்வளவு விசையோடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மி.மீ போல்ட் ஒன்றை 47 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது சுமார் 2.4 டன் விசையோடு இழுக்கும். ஆறு போல்ட்டுகள் இருக்கின்றன. இந்த விசை மறுபக்கம், கிராங்க் ஷாஃப்டையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் மெல்லிய தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டை வளைக்கும். கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளி, அதன் முன்பின் அசைவைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கைத் தேய்க்கும். பம்போடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் காரில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறதா? இந்தியாவில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விற்கப்படும் கார்களில் பல, 2014-இல் வந்த செலேரியோவைப் போல, மேனுவல் பெட்டியின் கிளட்ச்சையும் கியர் மாற்றத்தையும் தானியக்கமாக்கிய ஏஎம்டி வகை. அவற்றில் கன்வர்ட்டர் கிடையாது. இரட்டைக் கிளட்ச் பெட்டிகளும் வேறு கதை. படிகள் இல்லாமல் கியர் விகிதத்தை மாற்றும் சிவிடி பெட்டிகள் பலவற்றில் கன்வர்ட்டர் உண்டு. கீழே உள்ள முறை கன்வர்ட்டர் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும். அளவுகளை மட்டும் நான் ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4, அதன் மின்னணு வாரிசான 4எல்60இ ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன். உங்கள் பெட்டியின் எண்களை அதற்குரிய சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள்?

இடைவெளி மூடவில்லை, இன்னும் போல்ட்டை இறுக்கவில்லை என்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை. பின்னால் இழுத்து, கன்வர்ட்டரை மறுபடி உட்காரவைத்தால் போதும்.

போல்ட்டை இறுக்கிவிட்டீர்கள், ஆனால் ஸ்டார்ட்டரைத் தொடவில்லை என்றால், பம்ப் பிழைத்திருக்க வாய்ப்பு இருக்கிறது. இறக்கிப் பார்த்தே ஆக வேண்டும். சோதிப்பது எளிது. பெல் ஹவுசிங்கின் (கன்வர்ட்டரை மூடியிருக்கும், இன்ஜினோடு சேரும் மணி வடிவ முன்கூடு) அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி, கன்வர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஃபிளெக்ஸ் பிளேட்டோடு போல்ட் போடாத நிலையில் அது தாராளமாகச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் 3 முதல் 5 மி.மீ வரை நகர வேண்டும். அசையாமல் இறுகி நின்றால் தவறு நடந்துவிட்டது. கிராங்க் புல்லியை ராட்செட்டால் சுற்றும்போது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தாலும் அதே பொருள்தான். ‘ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்’ என்ற எண்ணம் வரும். வேண்டாம்.

இன்ஜினை ஓடவிட்டாயிற்று, முன்னால் இருந்து கீச்சென்ற ஊளையோ அரைக்கும் ஓசையோ வருகிறது, டி-யில் போட்டாலும் வண்டி நகரவில்லை, பெல் ஹவுசிங்கின் அடியில் சிவப்பு எண்ணெய் சொட்டுகிறது என்றால் பம்ப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும் வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு உங்கள் வழி பிரிகிறது.

இறக்குதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. 4எல்60இ எண்ணெய் இல்லாமலே 70 கிலோ அளவுக்கு இருக்கும். அதைத் தாங்கக் கியர்பாக்ஸ் தொட்டிலும் கட்டும் சங்கிலியும் உள்ள ஜாக்கி வேண்டும். தரையில் விரித்த மரக்கட்டையும் நண்பரின் மார்பும் மாற்று அல்ல.

கன்வர்ட்டரை ஃபிளெக்ஸ் பிளேட்டோடு சேர்க்கும் போல்ட்டுகளைப் போட்டிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். பிறகு பெல் ஹவுசிங் போல்ட்டுகள். இவை இப்போது அதிக இழுவிசையில் இருக்கின்றன. ஒரு பக்கத்தை முழுதாக விடுவித்தால் மறுபக்கம் மொத்தச் சுமையையும் ஏற்கும், அலுமினிய ஹவுசிங் விரிசல் விடலாம். எதிரெதிர் போல்ட்டுகளை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். தளரத் தளர இடைவெளி தானாகவே திரும்பத் திறக்கும். உங்கள் சந்தேகத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பின்னால் இழுக்கும்போது கன்வர்ட்டர் கியர்பாக்ஸோடுதான் வர வேண்டும். இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டால் ஒரு தட்டை நெம்புகோலால் மெதுவாகப் பிரியுங்கள். வெளியே வந்ததும் ஒரு இரும்புப் பட்டையைப் பெல் ஹவுசிங்கின் குறுக்கே போல்ட் போட்டு, அது முன்னால் நழுவி விழாமல் தடுத்துவிடுங்கள். எண்ணெய் நிறைந்த கன்வர்ட்டர் காலில் விழுந்தால் அன்றைய வேலை மருத்துவமனையில்தான் தொடரும். கீழே அகலமான தட்டு வையுங்கள். எண்ணெய் நிச்சயம் கொட்டும்.

இடைவெளிக்கு வேறு காரணமும் இருக்கலாம்

பழியை உடனே கன்வர்ட்டர் மேல் போட்டுவிடாதீர்கள். இன்ஜினின் பின்முகத்தைச் சுற்றி ஒரு விளக்கோடு பாருங்கள். ஒயரிங் கட்டோ, எர்த் ஒயரோ, ஒரு ரப்பர் குழாயோ இரண்டு முகங்களுக்கும் நடுவில் நசுங்கியிருக்கலாம். மேல்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்மையத்தில் நிறுத்தும் டவல் பின்கள் இரண்டும் தம் இடத்தில் இருக்கின்றனவா? இன்ஜினை மாற்றும்போது பழைய பிளாக்கிலேயே அவற்றை விட்டுவிடுவது வழக்கமான மறதி. டவல் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பி மாட்டினால் கியர்பாக்ஸ் மையம் விலகி நிற்கும். இன்று ஓடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பம்பின் புஷ்ஷையும் முன் ஆயில் சீலையும் தின்றுவிடும். ஃபிளெக்ஸ் பிளேட் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தப் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று பல பிளேட்டுகளில் பொறித்தே இருக்கும்.

கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஒரு வட்டக் குழி இருக்கிறது. கன்வர்ட்டரின் மூக்கு அதற்குள் நுழைந்து மையம் பிடிக்கிறது. அந்தக் குழியில் துரு படிந்திருந்தால் மூக்கு வழியிலேயே நின்றுவிடும். நைலான் தேய்ப்பானால் சுத்தம் செய்து, மூக்கில் மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுங்கள். புதிதாக வாங்கிய கன்வர்ட்டர் என்றால் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: மூக்கின் விட்டம், கழுத்தின் நீளம், வெட்டுகளின் வடிவம், ஸ்ப்ளைன் எண்ணிக்கை. கடைக்காரர் ‘அதேதான்’ என்று சொன்னதைவிட வெர்னியர் காலிப்பர் சொல்வதை நம்புங்கள்.

சேதத்தைப் பார்த்தல்

கன்வர்ட்டரை நேராக முன்னால் இழுத்து எடுங்கள். கழுத்தின் வெட்டுகளின் ஓரம் நசுங்கி மடிந்திருக்கிறதா, வெளிப்பரப்பில் கோடு விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் அந்தக் கன்வர்ட்டரை மறுபடி போடக் கூடாது. புதிய சீலை ஒரே வாரத்தில் கிழித்துவிடும். பம்பின் வாய்க்குள் விளக்கடித்துப் பற்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கன்வர்ட்டரை மறுபடி கோத்து, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல பம்ப் எண்ணெயில் வழுக்கிச் சுற்றும். கரகரப்போ, ஓரிடத்தில் தடையோ தெரிந்தால் உள் கியர் அல்லது ரோட்டர் விரிசல் விட்டிருக்கிறது. தட்டில் கொட்டிய எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மினுங்கும் இரும்புத் துகள் வந்தாலும் அதே தீர்ப்புதான்.

இங்கே நான் ஒரு கோடு போடுவேன். பம்ப் சேதம் உறுதியானால், புதியவர் அதைத் தாமே திறக்க வேண்டாம். பம்பைக் கழற்றுவது பெரிய காரியமல்ல. உள் இடைவெளிகளை அளந்து, கியர்பாக்ஸின் எண்ட் பிளேயை (ஷாஃப்ட் முன்பின் அசையும் அளவு) சரிபார்த்து, கேஸ்கெட்டோடு திரும்ப மாட்டுவதுதான் பழகிய கை கேட்கும் வேலை. கியர்பாக்ஸை மட்டும் ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் நிபுணரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், ஏற்றி இறக்கும் கூலி உங்களுக்கு மிச்சம். துகள்கள் போயிருக்கும் என்பதால் கன்வர்ட்டரையும் மாற்ற வேண்டும். கூலரையும் அதன் குழாய்களையும் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தவிர்த்தால் பழைய துகள் புதிய பம்புக்கே திரும்பி வரும்.

பம்ப் நன்றாக இருந்தால் ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பாருங்கள்: கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசல், தட்டு சமமாக இல்லாமல் அலைவது. பிறகு கிராங்க் ஷாஃப்டை நெம்புகோலால் முன்னும் பின்னும் நகர்த்தி, டயல் கேஜால் எண்ட் பிளே அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். முன் ஆயில் சீல் மலிவான பொருள். கை எட்டும் இடத்தில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

கன்வர்ட்டரை உட்காரவைத்தல்

வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

கன்வர்ட்டரை நிமிர்த்தி வைத்து அதற்குள் ஒரு லிட்டர் அளவுக்குச் சரியான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றுங்கள். கழுத்தின் வெளிப்பரப்பிலும் சீலின் உதட்டிலும் அதே எண்ணெயைத் தடவுங்கள். முடிந்தால் கியர்பாக்ஸை வாய் மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்துங்கள். புவியீர்ப்பு உங்களுக்காக வேலை செய்யும். பம்பின் பற்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று பார்த்து, பெல் ஹவுசிங்கில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். கன்வர்ட்டரின் வெட்டுகளுக்கு நேரே அதன் வெளி விளிம்பிலும் ஒரு குறி. இரண்டு குறிகளையும் சேர்த்து இறக்கினால் பாதி வேலை முடிந்தது.

கன்வர்ட்டரை நேராகப் பிடித்து, லேசான அழுத்தத்தோடு இருபக்கமும் சுற்றுங்கள். ஒரு ‘டக்’, இன்னொரு ‘டக்’ என்று படிப்படியாக இறங்குவது கைக்குத் தெரியும். மூன்று முறை இறங்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் அந்த எண்ணிக்கையை நம்ப மாட்டேன். ஸ்ப்ளைன்கள் தற்செயலாக நேர்கோட்டில் இருந்தால் இரண்டு படி ஒரே இறக்கமாகப் போய்விடும். இறங்கிவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னும் சில சுற்றுகள் சுற்றி அழுத்திப் பாருங்கள். அதன் பிறகு அளவுகோலை எடுங்கள்.

பெல் ஹவுசிங்கின் முகத்தில் குறுக்கே ஒரு நேரான இரும்புச் சட்டத்தை வையுங்கள். அதிலிருந்து கன்வர்ட்டரில் போல்ட் ஏறும் திண்டு வரை உள்ள ஆழத்தை அளங்கள். பிறகு இன்ஜின் பக்கம் போய், பிளாக்கின் பின்முகத்திலிருந்து ஃபிளெக்ஸ் பிளேட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் மாட்டிய பிறகு இருக்கப்போகும் இடைவெளி. உதாரணமாக, ஆழம் 29, நீட்டம் 25 என்றால் 4 மி.மீ. இந்த ஜிஎம் பெட்டிகளில் அது 3 முதல் 5 மி.மீ வரை இருக்கலாம். விடை பூஜ்யம் அல்லது அதற்கும் கீழே போனால் கன்வர்ட்டர் இன்னும் உட்காரவில்லை. டொயோட்டாவின் சர்வீஸ் மேனுவல்கள் இந்த ஆழத்தை மாடல் வாரியாக எண்ணாகவே கொடுக்கின்றன. ஒரே அளவில் வேலை முடிந்துவிடும். அளந்ததைக் காகிதத்தில் எழுதிவைத்து, ஏற்றுவதற்குச் சற்று முன் இன்னொரு முறை அளங்கள். ஜாக்கியில் ஆட்டி அசைக்கும்போது கன்வர்ட்டர் நழுவி வந்திருக்கக்கூடும்.

ஏற்றுதல்

தடுப்புப் பட்டையைக் கடைசி நிமிடம் வரை கழற்றாதீர்கள். கியர்பாக்ஸின் முன்பக்கம் சற்று உயர்ந்தே இருக்கட்டும். அப்போது கன்வர்ட்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இன்ஜினின் பின்பக்கத்தையும் அதே கோணத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அதே மரையுள்ள இரண்டு நீளமான போல்ட்டுகளின் தலையை வெட்டி, பிளாக்கில் வழிகாட்டி முளைகளாகத் திருகிவைத்தால், பெட்டி அவற்றின் மேல் சறுக்கி நேராக வரும்.

கையால் தள்ளுங்கள். டவல் பின்கள் நுழைந்து, இரு முகங்களும் சுற்றிலும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பின்னால் இழுத்து மறுபடி அளங்கள். முகங்கள் ஒட்டிய பிறகே போல்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கைவிரலால் திருகி, எதிரெதிராக இறுக்கி, டார்க் ரெஞ்சால் முடியுங்கள். 4எல்60இ-க்கு இது சுமார் 47 நியூட்டன் மீட்டர்.

இப்போது மறுபடி அடி மூடி வழியாகக் கன்வர்ட்டரைச் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றுகிறதா? திண்டுக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் 3 மி.மீ டிரில் பிட்டின் காம்பை நுழையுங்கள், நுழைய வேண்டும். 5 மி.மீ காம்பு தளர்வாக ஆடினால் இடைவெளி அதிகம். அப்படியே இழுத்து மாட்டினால் பம்ப் பற்களில் கழுத்தின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். ஒவ்வொரு திண்டிலும் ஒரே தடிமனுள்ள வாஷரைப் போட்டு ஈடுகட்டுங்கள். 3 மி.மீ-க்கும் குறைவாக இருந்தால் பொருந்தாத பாகங்கள் சேர்ந்திருக்கலாம், மேலே போகாதீர்கள்.

கன்வர்ட்டரை முன்னால் இழுத்து ஓட்டைகளைச் சேர்த்து, மூன்று போல்ட்டுகளையும் கையால் தொடங்கிய பிறகே எதையும் இறுக்குங்கள். கிராங்க் புல்லியைச் சுழற்றினால் ஒவ்வொன்றாகக் கீழே வரும். 63 நியூட்டன் மீட்டர். அசல் போல்ட்டுகளையே பயன்படுத்துங்கள்: சற்றே நீளமானதைப் போட்டால் அதன் நுனி கன்வர்ட்டரின் முன்தகட்டில் உள்ளே ஒரு பரு எழுப்பும், கன்வர்ட்டரை இன்ஜினோடு நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் அந்தப் பருவில் உரசியே தேயும்.

700ஆர்4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஆக்ஸிலரேட்டரோடு இணையும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளைச் சரியாக அமைக்காமல் ஓட்டினால் உள் அழுத்தம் குறைந்து கிளட்சுகள் மிக விரைவில் கருகும். இவ்வளவு பாடுபட்டு மாட்டிய பெட்டியை அதனால் இழக்காதீர்கள். 4எல்60இ-யில் இந்தக் கேபிள் இல்லை.

எண்ணெயும் முதல் ஓட்டமும்

ஜிஎம் பெட்டிக்கு டெக்ஸ்ரான் 6, புதிய டொயோட்டாக்களுக்கு டபிள்யூஎஸ், ஹோண்டாவுக்கு டிடபிள்யூ-1 என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணெய் உண்டு. ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்ற டப்பாவைத் தவிருங்கள். முழுக்கக் காலியான 4எல்60இ, கன்வர்ட்டரின் அளவைப் பொறுத்து 8 முதல் 11 லிட்டர் வரை கொள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே 4 அல்லது 5 லிட்டரை ஊற்றிவிடுங்கள்.

பேட்டரியை இணைத்து, பார்க்கில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். நல்ல பம்ப் சில நொடிகளில் எண்ணெயை உறிஞ்சிவிடும். மட்டம் மளமளவென்று இறங்கும், நீங்கள் தொடர்ந்து ஊற்ற வேண்டியிருக்கும். மட்டம் இறங்கவே இல்லை, அல்லது ஊளை கேட்கிறது என்றால் உடனே அணையுங்கள். எல்லாம் சரி என்றால் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆர், என், டி என்று ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்துங்கள். பின்பு சமதரையில், எண்ணெய் சூடான பிறகு, இன்ஜின் ஓடும் நிலையில் பார்க்கில் வைத்து இறுதி மட்டத்தைப் பாருங்கள். பழைய கிரைஸ்லர் டார்க்ஃப்ளைட்டுக்கு நியூட்ரலில் பார்க்க வேண்டும், ஹோண்டாக்களுக்கு இன்ஜினை அணைத்துவிட்டு. டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளில், எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்ததும் அடியில் உள்ள வழிவுத் திருகைத் திறந்து பார்ப்பார்கள்.

தெருவைச் சுற்றி ஒரு குறுகிய ஓட்டம் முடிந்ததும் அடி மூடியை மறுபடி திறந்து டார்ச் அடியுங்கள். பெல் ஹவுசிங்குக்குள் ஈரம் இல்லாமல் இருந்தால் மூடியைத் திரும்ப மாட்டிவிடலாம். சிவப்புத் துளி தெரிந்தால் அது கூலர் குழாயின் இணைப்பிலிருந்து வழிந்ததா, முன் சீலிலிருந்து வந்ததா என்று துடைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.